என் தலைமேல் நீ போட்ட ஆணை

கண்ணா,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் கார் இடது பக்கக் கண்ணாடி இல்லாமல் வீடு வந்து சேர்ந்தது. நான் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கண்ணாடி இருந்த இடத்தில் ஒயர் மட்டும் தொங்குவதை மாடியிலிருந்தே பார்த்துவிட்டேன். நீ மேலே வந்தாய், கை கழுவினாய், இட்லிக்கு உட்கார்ந்தாய். "என்னடா ஆச்சு?" என்றேன். "ஒரு டிப்பர் லாரிம்மா. அவுட்டர் ரிங் ரோட்ல ராங் சைடுல வந்தான். உரசிட்டுப் போயிட்டான். கண்ணாடிதானே, மாத்திக்கலாம். இன்னும் கொஞ்சம் சட்னி ஊத்து" என்றாய். நானும் ஊற்றினேன். நீ செல்போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

நான் கேட்க வருவது ஒன்றே ஒன்றுதான். நீ மறுபடி ரேஸ் டிராக்குக்குப் போக வேண்டும். எவ்வளவு வேகமாக ஓட்ட ஆசையோ அவ்வளவு வேகமாக அங்கே ஓட்டு, ரோட்டில் ஓட்டாதே. இதைச் சொல்ல எனக்குத் துளியும் யோக்கியதை கிடையாது. டிராக் பக்கமே போகக் கூடாது என்று சூடத்தை அணைத்து உன்னைச் சத்தியம் செய்ய வைத்தவளே நான்தான். நீ அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றுகிறாய். காப்பாற்றிக் காப்பாற்றியே ஒருநாள் இல்லாமல் போய்விடுவாயோ என்று நான் தினமும் செத்துக்கொண்டிருக்கிறேன்.

இதை உனக்கு மட்டும் எழுதிக் கொடுத்தால், "சரிம்மா, அப்புறம் படிக்கிறேன்" என்று மேசையில் வைத்துவிட்டுப் போவாய். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். ஆவடி மாமா தினமும் காலை வணக்கம் அனுப்புகிற குடும்பக் குழுவிலும் போடுவேன். லிஃப்ட்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் "உங்கம்மா எழுதினதைப் படிச்சேன்பா" என்று உன்னிடம் சொல்லட்டும். உனக்கு மானம் போகும், தெரியும். போகட்டும். எனக்கு எப்போதோ போய்விட்டது. உயிரோடு இருக்கிற பிள்ளை என்மேல் கோபப்படுவதைத் தாங்கிக்கொள்வேன்.

நான் அம்பத்தூரில் இன்சூரன்ஸ் ஆபீசில் வண்டி க்ளெய்ம் பார்த்தவள் என்பது உனக்குத் தெரியும், குழுவில் படிக்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நசுங்கிய வண்டிகளின் போட்டோவைப் பார்த்துத்தான் என் தலை நரைத்தது. சர்வேயர் அனுப்பும் படங்களை மேசையில் பரப்பிக்கொண்டே தயிர்சாதம் சாப்பிடுகிற அளவுக்கு மரத்துப் போயிருந்தேன். டிப்பர் உரசிய கேஸ் என்றால் எனக்கு ரெண்டு வகைதான். ஒன்று, கண்ணாடியும் கதவும் போன ஃபைல். அதில் வண்டி ஓட்டியவரே கையெழுத்துப் போட்டிருப்பார். இன்னொன்று அந்த டிப்பர் ஒரு கை அகலம் உள்ளே தள்ளி வந்த ஃபைல். அதில் ஓட்டியவரின் கையெழுத்து இருக்காது. அவருடைய அப்பாவோ அம்மாவோ போட்டிருப்பார்கள். எங்கே போட வேண்டும் என்று நான்தான் விரலை வைத்துக் காட்டுவேன். அவர்களுக்கு அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. இப்போது ராத்திரியெல்லாம் யாரோ எனக்கு விரலை வைத்துக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

அந்த வண்டி நம் வீட்டுக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? யாரோ ஓட்டிப் பழசாக்கிய வண்டி, ரெண்டே கதவு, ரெண்டே சீட்டு. "குடும்பத்துக்கு ஆகாத வண்டி" என்று உன் அப்பா ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். முகப்பேர் பிள்ளையார் கோயில் வாசலில் பூஜை போட்டோம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார் குருக்கள். வண்டி அவ்வளவு தாழ்வு, பழம் டயரில் நசுங்கியதா வண்டியின் வயிற்றில் நசுங்கியதா என்றே தெரியவில்லை. நம் தெரு ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றிலும் நீ வண்டியைக் கோணலாகத் திருப்பி, கைக்குழந்தையை இறக்குவதுபோல் இறக்கினாய். கீழ் வீட்டு மாமி, "ஏங்க, உங்க பையன் காரையும் குழந்தை மாதிரி தூக்கிட்டுப் போறான், கல்யாணம் எப்போ?" என்று கேட்டார். நான் சிரித்தேன். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் உனக்கென்று ஒன்றும் இல்லாமல் இருந்தது. ஏதோ ஒன்று கிடைத்ததே என்று உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

அப்புறம் நீ டிராக்கில் வகுப்பில் சேர்ந்தாய். உன் சொந்த வண்டியையே கொண்டுபோய் ஓட்டப் பழகலாம், வாத்தியார் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார் என்றாய். கார் ஓட்டத் தெரிந்தவனுக்கு எதற்கு வகுப்பு என்று நான் கேட்டேன். அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடியையும் டம்ளர்களையும் வளைவு மாதிரி வைத்து, ஊறுகாய் பாட்டில் மூடியைக் காராக்கி ஓட்டிக் காட்டினாய். "வளைவுக்குள்ள போய் பிரேக் போடக்கூடாதும்மா. நேரா இருக்கும்போதே போட்டு முடிச்சிடணும். கண்ணு எங்க பாக்குதோ வண்டி அங்கதான் போகும். செவுத்தப் பாத்தா செவுத்துலதான் போய் முட்டும்." உன் அப்பா ரசம் ஊற்ற டம்ளரை எடுத்ததும், "அப்பா, வளைவைத் தூக்காதீங்க" என்று கத்தினாய்.

அந்தச் சில மாதங்களில் நீ எப்படி மாறினாய் என்பதை நான் பார்த்தேன், ஆனால் பார்த்ததை மனதில் வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை சீக்கிரம் படுத்தாய். ரோட்டில் முன்னால் போகிற வண்டிக்கு இடம் விட்டு ஓட்டினாய். குமணன்சாவடி நெரிசலில் ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே புகுந்தபோது, பழைய ஆளாக இருந்தால் ஹாரனை அமுக்கி அவன் பரம்பரையையே இழுத்திருப்பாய். அன்று பிரேக்கை மெதுவாக மிதித்து வழிவிட்டாய். "என்னடா, உடம்பு சரியில்லையா?" என்று நான்தான் கிண்டல் செய்தேன். "ரோட்டுல வேகமா ஓட்றவனுக்கு ஓட்டத் தெரியாதும்மா" என்று நீ சொன்னாய். ஒரு தாய்க்குக் காதில் தேன் வந்து பாய வேண்டிய வார்த்தை. நான் அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டு, வாடகை கட்டியாயிற்றா என்று கேட்டேன்.

அப்புறம் அந்த வீடியோ வந்தது. நீதான் யாருக்கோ பெருமையாக அனுப்பியிருக்கிறாய். அது சுற்றிச் சுற்றி ஆவடி மாமாவிடம் போய், அவர் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். உன் வண்டி ஒரு வளைவில் பம்பரம்போல் சுழன்று, புழுதியில் மறைந்துபோனது. அதோடு வீடியோ முடிந்தது. புழுதி அடங்கியதும் நீ சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாய் என்பது அதில் இல்லை. "தம்பிக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கீழே மாமா எழுதியிருந்தார். நீ அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தாய். எனக்குத் தெரியும். இருந்தும் ஓடி வந்து உன் மூக்கில் மூச்சு வருகிறதா என்று விரலை வைத்துப் பார்த்தேன்.

அந்த நிமிஷத்தில் என் தலைக்குள் ஓடியது என்ன தெரியுமா? பாலிசி. ரேஸ், வேகப் போட்டி, வேகச் சோதனை, இதில் வண்டி அடிபட்டால் க்ளெய்ம் கிடையாது என்று எல்லாப் பாலிசியிலும் இருக்கும். அந்த வரியைக் காட்டித்தான் நான் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கம்பெனியே கையை விரிக்கிற இடம் என்றால் அது சாவு விழுகிற இடமாகத்தான் இருக்க வேண்டும் என்று என் ஆபீஸ் புத்தி முடிவு கட்டிவிட்டது. கம்பெனி எதை ஏற்கும், எதை ஏற்காது என்பது கம்பெனியின் கணக்கு. அது உயிரின் கணக்கு இல்லை. காலமெல்லாம் அந்த மேசையில் உட்கார்ந்தவளுக்கு இது உறைக்கவில்லை. என் மேசைக்கு வந்த பிணங்கள் அத்தனையும் ரோட்டிலிருந்து வந்தவை. டிராக்கிலிருந்து ஒன்றும் வரவில்லை. வராது, அதற்குத்தான் க்ளெய்மே கிடையாதே. அதனால் டிராக் பத்திரமா இல்லையா என்று அந்த மேசையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் ரோட்டைப் பற்றிச் சொல்லலாம் அல்லவா? அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

அன்று சாயங்காலம் பூஜை அலமாரிக்கு முன்னால் உன்னை நிறுத்தினேன். தட்டில் சூடத்தை ஏற்றினேன். "அணைச்சு சத்தியம் பண்ணு. இனிமே டிராக்குல வண்டி ஓட்ட மாட்டேன்னு சொல்லு. என் தலைமேல ஆணையா சொல்லு." நீ சிரித்தாய். "அம்மா, சுத்துனதுதான் பாடமே. நாளைக்கு வந்து நீயே பாரு." நான் கேட்கவில்லை. அழுதேன், தலையில் அடித்துக்கொண்டேன், சாப்பிட மாட்டேன் என்றேன். ஒரு தாய்க்குத் தெரிந்த அத்தனை வித்தையையும் இறக்கினேன். உன் அப்பா பேப்பரை இறக்கிவிட்டு, "வெளையாட்டுக்குக்கூட புள்ளைய சூடத்துல கை வைக்கச் சொல்லாத" என்றார். "நீங்க சும்மா இருங்க" என்றேன். அவர் மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார். நீ என்னையே பார்த்தாய். அப்புறம் உள்ளங்கையால் அந்த நெருப்பை அடித்து அணைத்தாய். "டிராக்ல ஓட்ட மாட்டேன். உன் தலைமேல ஆணை. போதுமா?" என்றாய். போதும் என்று நினைத்து அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு நீ எதையும் ஒளிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் வெளிவட்டச் சாலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "ரோடுதானே, போயிட்டு வா" என்றேன். ஃபிளாஸ்க்கில் காபி ஊற்றிக் கொடுத்தேன். ரோட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே! உலகத்தில் வேறு எந்தத் தாயும் இப்படி ஒரு முட்டாள்தனத்தைச் செய்திருக்க மாட்டாள். ஹெல்மெட் மாட்டி, வாத்தியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிய பிள்ளையை இழுத்துவந்து, டிப்பருக்கும் மாட்டுக்கும் நடுவில் விட்டுவிட்டு, கையில் காபியும் கொடுத்தனுப்பினேன்.

ஒரே ஒரு முறை நீ சத்தியத்தை மீறினாய். யாரோ நண்பன் கூப்பிட்டான் என்று டிராக்குக்குப் போய்க் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு வந்தாய். அன்று சாயங்காலமே நான் பாத்ரூமில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு நீ அழுதாய். "இன்னிக்கு டிராக்குக்குப் போனேம்மா. சாரிம்மா. என்னாலதாம்மா" என்றாய். கோயிலுக்குக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்கிறவன், நவக்கிரகத்தைச் சுற்றச் சொன்னால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறவன், குழந்தை மாதிரித் தேம்பினாய். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது, "சோப்புத் தண்ணியில வழுக்கினேன்டா லூசு" என்பதுதான். நான் சொன்னது வேறு. உன் தலையைத் தடவிக்கொடுத்து, "பாத்தியா, சத்தியம் சும்மா விடாது. இனிமே அந்தப் பக்கம் போகாத" என்றேன். அந்த வலியிலும் எனக்குள் ஒரு திருப்தி இருந்தது. என் பிள்ளை என் பேச்சுக்குக் கட்டுப்பட்டான் என்கிற திருப்தி. சூடத்தில் போட்ட முடிச்சு லேசானது. ஆஸ்பத்திரியில் நான் போட்ட முடிச்சுதான் இன்று அவிழ மாட்டேன் என்கிறது.

கண்ணாடி போன அன்றைக்கு, ரோட்டிலும் ஓட்ட மாட்டேன் என்று சத்தியம் செய் என்று கேட்டேன். "ஒரு சத்தியமே போதும்மா. இதையும் விட்டுட்டா நான் என்னதான் பண்றது?" என்றாய். வண்டியை விற்றுவிடு என்றேன். "வித்தா பைக் வாங்குவேன்" என்றாய். நீ திமிராகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாய். அடுத்த ஞாயிறும் போனாய். அந்த உடைந்த கண்ணாடியைக்கூட மாற்றாமல் போனாய். நீ திரும்பி வருகிற வரைக்கும் நான் வாசல் கதவைத் திறந்துபோட்டு நின்றுகொண்டிருந்தேன். எங்கேயோ சைரன் கேட்டது. யார் வீட்டுப் பிள்ளையாகவாவது இருக்கட்டும், என் பிள்ளையாக இருக்கக் கூடாது என்று வேண்டினேன். எப்படிப்பட்ட வேண்டுதல் பார்.

அதற்கடுத்த சனிக்கிழமை, நகைக்குப் பாலிஷ் போடப் போகிறேன் என்று உன்னிடம் பொய் சொல்லிவிட்டு, குமணன்சாவடியில் பஸ் ஏறி உன் டிராக்கைப் பார்க்கப் போனேன். ஹைவேயில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாமா, இந்த வயசுல ரேஸ் வுடப் போறியா?" "ஆமாப்பா, ஹெல்மெட் பைக்குள்ள வெச்சிருக்கேன்" என்றேன். "நானும் தெனம் ரேஸுதாம்மா வுட்டுகினு கீறேன். எவன் வந்து பாக்குறான்?" என்று சிரித்துக்கொண்டே கொண்டுபோய் விட்டார். அன்று முழுக்க நான் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். முதலில் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் பழகிவிட்டது. அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. எல்லா வண்டியும் ஒரே பக்கம் போகிறது. கண்ணா, எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை. மாடு இல்லை, நடுவில் பள்ளம் இல்லை, குடத்தோடு ரோட்டைக் கடக்கிற பெண்பிள்ளை இல்லை, பைக்கில் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு திரும்புகிற மனுஷன் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் ஒருத்தர் கொடி வைத்துக்கொண்டு நிற்கிறார். கொடி அசைந்தால் அத்தனை பேரும் வேகத்தைக் குறைக்கிறார்கள். நம் ஊரில் இப்படி ஒரு ரோடு இருக்கிறதா? ஓரத்தில் ஆம்புலன்ஸ் நின்றது. அதன் டிரைவர் பின்கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்து, வேலை ஏதும் இல்லாமல் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். என் கண் எதிரிலேயே ஒரு பெண்ணின் கார் சுழன்று புழுதியில் போய் நின்றது. நான் வேலிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். புழுதி அடங்கியது. அந்தப் பெண் இறங்கி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி ஏறி ஓட்டினாள். நான் பார்த்த வீடியோவின் மிச்சத்தை அன்றுதான் பார்த்தேன்.

உன் வாத்தியாரைத் தேடிப் பிடித்தேன். வெயிலில் கறுத்துப்போன மனுஷர். கொஞ்சம் முசுடு. உன் பெயரைச் சொன்னதும், "அவனா? ஏம்மா வர்றதில்ல?" என்றார். நான்தான் நிறுத்தினேன், அவன் சுழன்ற வீடியோவைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்றேன். "சுத்துறதுக்குத்தாம்மா இந்த இடமே. இங்க சுத்தாம வேற எங்க சுத்துவான்?" என்று எரிந்து விழுந்தார். அப்புறம் கொஞ்சம் தணிந்து, "பிரேக் நல்லா கத்துக்கிட்டான். சொன்னா கேப்பான். கொஞ்சம் பாக்கி இருந்தது, அதுக்குள்ள நிறுத்திட்டான்" என்றார். என்ன பாக்கி என்று கேட்டேன். "பயம். எந்த இடத்துல பயப்படணும்னு இன்னும் கத்துக்கல. வேகம் வந்துடும்மா எல்லாருக்கும். இது கடைசியாத்தான் வரும்" என்றார். உனக்கு வேகத்தைக் கற்றுக்கொள்ள விட்டேன். பயத்தைக் கற்றுக்கொள்ளும் முன் இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பாதிப் படிப்போடுதான் நீ ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறாய்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மறுபடி சூடம் ஏற்றினேன். "நான் வாங்கின சத்தியத்தை நானே திருப்பிக் கொடுத்துட்டேன். நீ டிராக்குக்குப் போ" என்றேன். "போட்டது நான்தானேம்மா. நீ எப்படி எடுப்ப? ஒருவாட்டி மீறினதுக்கே உன் கை உடைஞ்சுது. அடுத்தவாட்டி என்ன ஆகும்? நான் போக மாட்டேன்" என்றாய். குருக்களைக் கேட்டேன். சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டால் போதும் என்றார். அதையும் வந்து சொன்னேன். "அவர் அப்படித்தான் சொல்வார்" என்றாய். உன் அப்பாவைப் பேசச் சொன்னேன். "நீ வாங்கின சத்தியம், நீயே பாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டார். போனவர் வெகுநேரம் வரவில்லை. நான் மேலே போனபோது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

உன்னை நான் பலமுறை நோகடித்திருக்கிறேன். உனக்குப் பிடித்த படிப்பை மாற்றினேன். நீ கொண்டுவந்த நாய்க்குட்டியைத் திருமழிசையில் யாருக்கோ கொடுத்தனுப்பினேன். எல்லாம் உன் நல்லதுக்கு என்றேன். பெற்றவர்கள் பயத்தில் சொல்கிற எதையும் அப்படியே கேட்டுவிடாதே கண்ணா. எங்களுக்கு எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று தெரியாது. கண்ணில் படுவதைப் பார்த்துப் பயப்படுகிறோம். நாளை உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அதுவும் நீ பயப்படுகிற எதையாவது செய்தால், அழு, திட்டு, கூடவே போய்ப் பார். சத்தியம் மட்டும் வாங்காதே. பாசமுள்ள பிள்ளையாக இருந்தால் அது அதைக் காப்பாற்றித் தொலைக்கும்.

எழுதி, கெஞ்சி, கோயில் சுற்றி ஓய்ந்துவிட்டேன். இனி என்னிடம் ஒரு வழிதான் இருக்கிறது. நாளை ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முன் நீ கீழே இறங்கி வரும்போது நான் உன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். நீ கதவைத் திறந்ததும் ஏறிவிடுவேன். கீழ் வீட்டு மாமி பார்த்தால் பார்க்கட்டும். நீ இறங்கச் சொல்லுவாய். இறங்க மாட்டேன். அந்தப் பள்ளத்து சீட்டிலிருந்து நீ கைகொடுக்காமல் எழுந்திருக்கவும் என்னால் முடியாது. அடுத்த ஞாயிறும் வருவேன். நீ ரோட்டில் ஓட்டுகிற ஒவ்வொரு ஞாயிறும் வருவேன். என் உயிருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதானே டிராக்குக்குப் போக மாட்டேன் என்கிறாய்? வெளிவட்டச் சாலையில் நீ மிதிக்கும்போது அந்த உயிர் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதை எங்கே கொண்டுபோவது என்று நீயே முடிவு செய். டிராக்குக்குப் போனதற்காக ஆணை என்மேல் பாய்வதாக இருந்தால் அங்கேயே, உன் கண் எதிரிலேயே பாயட்டும். ஆம்புலன்ஸ்காரருக்கும் ஒரு வேலை கிடைக்கும். நாளை வகுப்பு இருக்கிறதாம். உன் வாத்தியாரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

நம் மதுரவாயலிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் ரெண்டுக்கும் ஒரே வழிதான். அதுவரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன். பூந்தமல்லி தாண்டினால் நசரத்பேட்டை. அங்கே திரும்பினால் உன் வெளிவட்டச் சாலை, திரும்பாமல் போனால் டிராக். அந்த இடம் வரும்போது உன் கையைப் பிடிக்க மாட்டேன், ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன், அழவும் மாட்டேன். ஒன்றே ஒன்று சொல்வேன். அந்த நேரத்தில் எனக்குக் குரல் வராமல் போகலாம், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

நேரே போடா.